நிறுத்து என்று சொல்லும் வரை

எங்கள் பட்டறைச் சுவரில் ஒரு பாரோமீட்டர் மாட்டியிருக்கிறது. சாப்பாட்டுத் தட்டு அகலம், பித்தளை விளிம்பு, கறுப்பு முள். காற்று எவ்வளவு அழுத்துகிறது என்று காட்டும் கருவி. முகத்தில் வட்டமாக எண்களும், அவற்றுக்கு மேலே ஆங்கிலத்தில் ஐந்து சொற்களும் உண்டு. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆங்கிலம் வாசிக்க வராது. ஆனாலும் அந்த ஐந்தையும் இடம் பார்த்துச் சொல்லிவிடுவேன். இடது கோடியில் புயல். அடுத்து மழை. உச்சியில் மாற்றம். பிறகு நல்ல வானிலை. வலது கோடியில் வறண்ட வெயில். இரண்டு கோடிகளுக்கும் நடுவே, அடிப்பக்கத்தில், எழுத்தில்லாத வெற்றிடம்.

நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த முள் புயலில்தான் கிடக்கிறது. ஓசூரில் சித்திரை வெயில் தகரக் கூரையைப் பிளக்கும்போதும் புயல். மார்கழிப் பனியிலும் புயல். கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி அசையும், அவ்வளவுதான். சரிபார்க்கச் சொல்லிக் கேஜ் கொடுக்க வரும் கம்பெனி டிரைவர்கள் சிரிப்பார்கள். கெலமங்கலத்திலிருந்து வரும் எங்கள் லேத் மெஷின் ஆள் அவர்களுக்கு ஒரே பதிலை வைத்திருப்பான்.

"நம்ம ஊர்ல தினமும் புயல்தான் குரு. எட்டு மணி ஷிப்டுக்கு வந்து பாரு, தெரியும்."

அவன் வீட்டில் தெலுங்கு, வெளியில் கன்னடம், பட்டறையில் தமிழ். கன்னடக்காரர்கள் தோழனைக் கூப்பிடுவதுபோல் எல்லாரையும் குரு என்பான். அவனைவிட மூத்த என்னையும்.

எங்கள் வேலை பிரஷர் கேஜ், அதாவது அழுத்தமானி, சரிபார்ப்பது. தொழிற்பேட்டைக் கம்பெனிகளின் பாய்லர், கம்ப்ரசர், ஹைட்ராலிக் மெஷின் இவற்றிலிருந்து கழற்றிக் கொண்டுவருவார்கள். கண்ணாடியைத் திறந்து, தூசி தட்டி, எடைக்கல் அடுக்கிய மேஜையில் பொருத்தி, தெரிந்த அழுத்தம் கொடுத்து, முள் சரியான எண்ணில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நிற்காவிட்டால் திருத்த வேண்டும். இருபது வருடத்துக்கு மேலாக முள்ளையே பார்த்துப் பார்த்து என் கண்ணில் சாயங்காலம் ஆனால் நீர் வடியும். வீட்டுக்குப் போய்க் கண்ணை மூடினாலும் முள் நடுங்கும்.

இந்த வேலையில் இரண்டு பழக்கங்கள் கையோடு ஒட்டிவிடும். ஒன்று, சும்மா இருக்கும் கேஜ் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் ஸ்க்ரூவைத் திருகிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் அடுத்த வேலை. யோசிக்கவே மாட்டோம். இன்னொன்று, பெரிய கேஜ்களுக்கு ஸ்க்ரூ முதுகில் இருக்கும். திருகுகிறவனுக்கு முகம் தெரியாது. அதனால் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் முன்னால் நின்று முள்ளைப் பார்ப்பார், ஒருவர் பின்னால் திருகுவார். முன்னால் நிற்பவர் "நிறுத்து" என்று சொல்லும்வரை பின்னால் இருப்பவர் கையை எடுக்கக் கூடாது. போதுமா, இன்னும் கொஞ்சமா என்று கேட்கக் கூடாது. கேட்டால் முன்னால் நிற்பவரின் கண் முள்ளை விட்டு விலகிவிடும்.

என் மகள் சிறுமியாக இருக்கும்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டுக்குக் கொண்டுவரும் கேஜ்களுக்கு அவள்தான் முன்னால் நிற்பாள். நான் பின்னால். "நிறுத்துப்பா!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவாள். எனக்குப் பேச்சு குறைவு. நாலு பேர் கூடினால் ஓரமாகப் போய் நின்றுகொள்வேன். போன் அடித்தால் எடுத்து மனைவி கையில் கொடுத்துவிடுவேன். மகளோடு நான் அதிகம் பேசியது என்று பார்த்தால் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான். அதிலும் பேசியது அவள்தான்.

அவள் ஜூஜுவாடிப் பக்கம் ஒரு கம்பெனியில் அசெம்பிளி வேலைக்குப் போனாள். அங்கே கான்ட்ராக்டில் இருந்த நாகப்பட்டினம் பக்கத்துப் பையனும் அவளும் விரும்பினார்கள். கடலோரக் குடும்பம், அப்பாவுக்குச் சொந்தப் படகு. நல்ல பையன். கட்டிக்கொடுத்தோம். ஒரு வருடம் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். பிறகு கம்பெனியில் ஆள் குறைத்தபோது அவனுக்கு வேலை போனது. ஊருக்குப் போய் அப்பாவோடு படகில் ஏறுகிறேன் என்றான். மகள் அப்போது வாயும் வயிறுமாக இருந்தாள்.

புது ஊருக்குப் போகிற பெண்ணுக்கு என் பங்காக ஏதாவது கொடுக்க வேண்டும் என்று இருந்தது. பட்டறை முதலாளியை நாங்கள் பாய் என்போம். அவர் பழைய சாமான்களோடு வாங்கிய ஒரு கப்பல் பாரோமீட்டர் மூலையில் கிடந்தது. சுவரில் இருப்பதைப் போன்றதுதான். கண்ணாடி உடைந்திருந்தது. கேட்டேன். "எடுத்துக்கப்பா, மாப்பிள்ளை கடலுக்குப் போறவரு, அவருக்காவது ஆவட்டும்" என்றார். ஒரு வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து கண்ணாடி மாற்றி, உள்ளே எண்ணெய் காட்டி, பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்தேன். வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்தபோது மனைவி முள்ளைப் பார்த்தாள்.

"இது எங்க காட்டுது?"

"புயல்."

"வயித்துப்புள்ளக்காரியை அனுப்பறப்ப புயல்னு காட்டற சாமானையா கையில குடுப்பாங்க? சம்பந்தி வீட்ல என்னா நினைப்பாங்க?"

நான் அதையே நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். வெளியே நல்ல வெயில். நல்ல வெயிலில் முள் நல்ல வானிலையில் நிற்க வேண்டும், இது நிற்கவில்லை, ஆகவே ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. சும்மா இருக்கும் கேஜைப் பூஜ்யத்தில் நிறுத்துகிற அதே கைதான் யோசித்தது. முதுகில் ஸ்க்ரூ இருந்தது. மகளை முன்னால் நிற்கச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து, தட்டைத் தூக்கிப் பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள். நான் திருப்புளியை வைத்துத் திருகினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, அதற்குமேல் ஒரு அரை.

"நிறுத்துப்பா."

முள் நல்ல வானிலையில் நின்றது. மனைவி அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள்.

திருகுவதற்கு முன்னால் சுவரில் இருப்பதும் இதுவும் ஒரே இடத்தைக் காட்டின. இரண்டு கருவிகள் ஒரே மாதிரிக் காட்டும்போதாவது நான் யோசித்திருக்க வேண்டும். சுவரில் இருப்பதில் கை வைக்கக் கூடாது என்று பாய் முதல் நாளே சொல்லியிருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற ஆளாக இருந்திருந்தால் இதை எழுதவே வேண்டியிருக்காது.

அவர்கள் ஊருக்குப் போய் இரண்டு நாள் கழித்துச் சம்பந்தி போன் செய்தார். மனைவி ஸ்பீக்கரில் போட்டாள். அவர் குரல் எப்போதும் அலைக்கு மேலே பேசுகிற குரல்.

"சம்பந்தி, நீங்க குடுத்தனுப்புன கடியாரம் பஸ்ல வந்த அலுப்புல படுத்துருச்சுங்க! முள்ளு அடியில எழுத்தே இல்லாத எடத்துல தொங்குது. மணியும் காட்டல, மழையும் காட்டல. ஆனா பளபளன்னு இருக்கு. சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டிட்டேன்."

எல்லாரும் சிரித்தோம். வழியில் குலுக்கலில் கெட்டுப்போயிருக்கும் என்று நானும் நினைத்துக்கொண்டேன். அடுத்த முறை போகும்போது பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். எங்கள் ஒற்றை அறையில் பிரசவம் பார்க்க இடமில்லை, பேரன் அங்கேயே பிறந்தான். ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு அன்றே திரும்பினோம். லீவு இல்லை. பாரோமீட்டர் ஞாபகமே வரவில்லை.

பேரனுக்கு நாலு மாதம் ஆனபோது அந்தப் புயல் வந்தது.

கரை கடக்கும் நாளன்று காலை ஓசூரில் வெறும் மூட்டமும் தூறலும்தான். தூறலில் நனைந்தபடி வேலைக்கு வந்தேன். பத்தரைக்கு டீக்கடையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. இன்று அந்தி சாய்வதற்குள் நாகப்பட்டினம் பக்கம் கரையைக் கடக்கும் என்றார்கள். பிறகு அந்தச் செய்தி வாசிக்கும் பெண், புயலின் நடுவில் காற்றழுத்தம் இந்தக் கடலில் இதுவரை யாரும் அளந்திராத அளவுக்குக் குறைந்துவிட்டது என்று சொல்லி ஒரு எண்ணைச் சொன்னாள். திரையிலும் பெரிதாகப் போட்டார்கள். தொள்ளாயிரத்துச் சொச்சம். சாதாரணமாக ஆயிரத்துக்கு மேல் இருக்க வேண்டியதாம்.

லேத் ஆள் டம்ளரைக் கீழே வைத்தான்.

"குரு, இது நம்ம சுவத்துல இருக்கிற நம்பர்!"

எண்கள் எனக்கு வாசிக்க வரும். அது எங்கள் சுவர் எண்தான். தினமும் காலையில் நானே நோட்டில் குறிக்கிற எண்.

பட்டறைக்கு ஓடிவந்து அவன் பாயிடம் சொன்னான். "பாய், இத்தனை வருசமா நாம புயலுக்குள்ளதான் உக்காந்து வேலை பாத்திருக்கோம். சம்பளம் ஏத்திக் குடுங்க."

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். "அடேய், நாம கடலுக்குக் கிட்டத்தட்ட மூவாயிரம் அடி உசரத்துல, மலை மேல இருக்கோம்டா. மேல போகப் போகக் காத்து இளைச்சுப் போகும். இங்கே சாதாரண நாள்ல இருக்கிற காத்துதான் கடலோரத்துல பெரும் புயல் அடிக்கறப்ப இருக்கும். இதே பாரோமீட்டரைக் கீழே கொண்டுபோய் மாட்டு, யாரும் தொடாமலேயே மேலே ஏறி ஒழுங்கா நிக்கும். அதான் இதுல கை வைக்காதேன்னு சொல்றது."

யாரும் தொடாமலேயே.

நான் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தேன். திருப்புளி கையில் இருந்தது. நான் கெட்டிருக்கிறது என்று நினைத்தது கெடவில்லை. நாலரைச் சுற்றுத் திருகிக் கெடுத்ததே நான்தான். மலை மேலே வைத்து நல்ல வானிலைக்கு ஏற்றினால், கடலோரத்தில் இறங்கியதும் அது வறண்ட வெயிலையும் தாண்டி வெற்றிடத்தில்தான் போய்த் தொங்கும். அதைத்தான் சம்பந்தி படுத்துவிட்டது என்றார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. உடைந்த கருவியை யாரும் நம்பப் போவதில்லை. ஆனால் இன்னொன்று மெதுவாகத் தெரிந்தது. புயல் நெருங்க நெருங்க அழுத்தம் இறங்கும். இறங்கினால் முள் வெற்றிடத்திலிருந்து திரும்பி எழுத்துக்கு வரும். எந்த எழுத்துக்கு? முதலில் வறண்ட வெயில். அதற்கப்புறம் நல்ல வானிலை. புயலின் நடு அவர்கள் தலைக்கு மேலே வந்து நிற்கும்போது, அது என் வீட்டு ஸ்டூலில் என் மகள் கையில் எங்கே நின்றதோ சரியாக அங்கே வந்து நிற்கும்.

நானே போனை எடுத்து அழைத்தேன். போகவில்லை. மறுபடி. எட்டாவது முறையோ ஒன்பதாவது முறையோ மணி அடித்தது.

"அப்பா?" மகள் பதறினாள். "அம்மாவுக்கு என்னாச்சு?"

நான் அவளுக்குப் போன் செய்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"அம்மா நல்லா இருக்கா. நீங்க இன்னும் வீட்லயா இருக்கீங்க?"

"வீட்லதான்பா. காலி பண்ணுங்கன்னு மைக் வெச்சுச் சொல்லிட்டுப் போனாங்க, ரெண்டு தடவை. பாதித் தெரு காலி. அவரு படகு கட்ட முகத்துவாரத்துக்குப் போனவரு, லைன் கிடைக்கல. மாமாதான் வரமாட்டேங்கிறாரு. போன தடவை புயல் பாதுகாப்பு மையத்துல போய்ப் படுத்துட்டு வந்தா புயல் எங்கயோ போயிருச்சாம், இங்க வலையெல்லாம் திருட்டுப் போயிருச்சாம். அவரு வராம அத்தை வரமாட்டாங்க. நான் மட்டும் புள்ளையைத் தூக்கிட்டு எப்படிப் போறது?" கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். "ஆனா அப்பா, உங்க பாரோமீட்டர் எழுந்திருச்சுப்பா! காலையிலேர்ந்து முள்ளு நகருது. வெயில்னு போட்ட எழுத்துக்கு வந்துருச்சு. மாமா ஒரே குஷி. பாத்தியா, சம்பந்தி கடியாரமே சொல்லுது, ஒண்ணும் வராதுங்கிறாரு."

பின்னால் காற்று இரைவது போனிலேயே கேட்டது. குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"மாமாகிட்ட குடு."

"சம்பந்தி!" என்றது அவர் குரல். "கெட்டிக்காரருங்க நீங்க. இத்தனை நாளு தூங்குனது வேளைக்கு முழிச்சிருச்சு பாத்தீங்களா!"

"அது தப்புங்க. தப்பாக் காட்டுது. கிளம்புங்க."

"என்னங்க நீங்க, நல்ல சேதி சொல்றப்ப வேணாங்கிறீங்க? உள்ளூர்க் கடியாரம் சொன்னா நம்பமாட்டேன். கேஜுக்காரரு குடுத்தது."

"நான் திருகிட்டேங்க. இங்க மலை. காத்து கம்மி. முள்ளு புயல்ல நின்னுச்சு, அது சரியாத்தான் நின்னுச்சு, எனக்குத் தெரியல. பொண்ணு கையில புயலைக் குடுக்கக் கூடாதுன்னு நான்தான் திருகி மேல ஏத்திட்டேன். அங்க அது வெயில்னு காட்டுனா வெயில் இல்லைங்க. அது இறங்கிட்டு வருது. இறங்குதுன்னு பாருங்க, எழுத்தைப் பாக்காதீங்க."

"ஒண்ணும் புரியலையே சம்பந்தி."

எனக்கே புரியும்படிச் சொல்ல வரவில்லை. பாய் சொன்னதில் பாதிகூட என் வாயில் வரவில்லை. கை மட்டும் என்ன செய்ய வேண்டும் என்று சொன்னது.

"சுவத்துலேர்ந்து எடுங்க," என்று கத்தினேன். பட்டறையில் லேத் நின்றது. எல்லாரும் திரும்பினார்கள். "முதுகுல ஒரு ஸ்க்ரூ இருக்கும். கத்தி முனையை வெச்சு இடப்பக்கமாத் திருகுங்க. முள்ளைப் பொண்ணு பாக்கட்டும். நான் நிறுத்தச் சொல்றேன்."

அவர் முணுமுணுத்தபடியே எடுத்தார். மீன் வெட்டும் கத்தியைச் சம்பந்தியம்மா கொண்டுவந்து கொடுப்பது கேட்டது. போனை மகள் பிடித்திருந்தாள்.

"ஒரு சுத்து முழுசா வரணும். ஒண்ணு."

"ஒண்ணு," என்றாள். "முள்ளு வருதுப்பா."

"ரெண்டு."

"ரெண்டு."

"மூணு."

"மூ..." என்றாள். லைன் போய்விட்டது.

மறுபடி அழைத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. லேத் ஆள் தன் போனில் அழைத்தான். பாய் தன்னுடையதில். எதிலும் போகவில்லை. டவர் சாய்ந்திருக்கும் என்றார் பாய்.

மூன்று சுற்று. நான் மனசுக்குள் முள்ளை ஓட்டிப் பார்த்தேன். வறண்ட வெயிலின் ஓரத்திலிருந்து மூன்று சுற்றுத் திருப்பினால் எங்கே வரும்? நல்ல வானிலைக்கு வரும். நட்ட நடுவில். நாலரை என்று முன்னாலேயே சொல்லியிருந்தால் அவர்களே எண்ணித் திருகியிருப்பார்கள். சொல்லவில்லை. எங்கள் தொழிலில் எத்தனை சுற்று என்று சொல்லும் வழக்கமே கிடையாது. பார்க்கிறவன் நிறுத்தச் சொல்வான், அவ்வளவுதான். இப்போது அந்த மனிதர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு முள்ளைப் பார்ப்பார். சம்பந்தி சரி பண்ணச் சொன்னார், சரி பண்ணியாயிற்று, நல்ல வானிலை காட்டுகிறது என்பார். திரும்பவும் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டுவார்.

"போப்பா வீட்டுக்கு," என்றார் பாய். நான் போகவில்லை. வீட்டுக்குப் போனால் மனைவியிடம் சொல்ல வேண்டும். இரண்டு கேஜை எடுத்துச் சரிபார்த்தேன். இரண்டையும் தப்பாகக் குறித்தேன். லேத் ஆள் சத்தமில்லாமல் அவற்றை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டான். அன்று அவன் என்னைக் குரு என்று கூப்பிடவில்லை, அண்ணா என்றான். நாலு மணிக்குச் சுவர் முள்ளைப் பார்த்தேன். ஒரு மயிரிழை இறங்கியிருந்தது. நானூறு கிலோமீட்டர் தள்ளி அடிக்கிற காற்று எங்கள் சுவரில் ஒரு மயிரிழைதான். வேறு யார் கண்ணுக்கும் பட்டிருக்காது.

சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். அவள் அழவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"நான்தானே புயல்னு குடுக்காதேன்னு சொன்னேன்," என்றாள்.

"திருகுனது நான்."

"ஆமா," என்றாள். டிவியில் தென்னை மரங்கள் வளைந்துகொண்டே இருந்தன. எந்த ஊர் என்று கீழே போட்டார்கள். ஒவ்வொரு ஊர்ப் பெயரையும் நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

மறுநாள் முழுக்கப் போன் இல்லை. அதற்கு மறுநாள் மதியம், தெரியாத நம்பரிலிருந்து மருமகன் பேசினான். வீடு இல்லை, ஆள் எல்லாரும் இருக்கிறார்கள் என்றான். இந்த இரண்டையும் இதே வரிசையில்தான் சொன்னான். மனைவி போனைக் கையில் வைத்துக்கொண்டே சுவரில் சாய்ந்து சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

அன்றே கிளம்பினோம். சேலம், திருச்சி, தஞ்சாவூர் என்று பஸ் மாறி, கடைசி எட்டுக் கிலோமீட்டர் டிராக்டரில். வழியெல்லாம் மரம் கிடந்தது. உட்கார்ந்து உட்கார்ந்து கால் வீங்கிவிட்டது. மையம் என்பது தூண்கள் மேல் நிற்கும் கான்கிரீட் கட்டிடம். மாடியில் ஊரே பாய் விரித்துக் கிடந்தது. ஈரத் துணி வாடை. மகள் என்னைப் பார்த்ததும் குழந்தையை என் மடியில் போட்டாள். அவள் கண் உள்ளே போயிருந்தது. சம்பந்தி சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல்முறையாக அவர் குரல் தாழ்ந்து இருந்தது.

"வாங்க சம்பந்தி."

அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மூணு சுத்துல லைன் போயிருச்சு. எப்படிக் கிளம்புனீங்க?"

"நான் எங்க கிளம்புனேன்?" என்றார். "மூணாவது சுத்துல நல்ல எடத்துக்கு வந்துருச்சு, அவ்வளவுதான், மாட்டுன்னு சொல்லிட்டேன். உங்க பொண்ணு விடமாட்டேங்குது. அப்பா நிறுத்துன்னு சொல்லலைங்குது. லைன்தான் போச்சே, எங்கேர்ந்து சொல்லுவாருன்னேன். அவரு நிறுத்தச் சொல்ற வரைக்கும் திருகணும் மாமா, அதான் முறைங்குது. என் கையிலேர்ந்து கத்தியப் புடுங்கி அதுவே திருகுது. திருகுது, திருகுது, நல்லது போச்சு, மாத்தம் போச்சு, மழை போச்சு, புயலும் போச்சு. அப்பறமும் திருகுது. ஸ்க்ரூவு முட்டி நின்ன பெறகுதான் விட்டுச்சு. முள்ளு செத்த மீனு மாதிரித் தொங்குச்சு. அதப் பாத்ததும் நான் புள்ளையத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டேங்க."

"அது அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லைங்க," என்றேன். "இன்னும் ஒண்ணரைதான்."

அவர் என்னைப் பார்த்தார். "நல்ல வேளை, அத நீங்க சொல்லல."

பிறகு, தரையைப் பார்த்தபடி, "வாசல்ல கால் வெக்கறப்ப தண்ணி தெருவுல வந்துருச்சு," என்றார். "கல்யாணத்தப்பக்கூட வாங்கன்னு ஒரு வார்த்தைதான் சொன்னீங்க. அன்னிக்கு அப்படிக் கத்துனீங்களே. நான் அப்பவே எந்திரிச்சிருக்கணும்."

நான் செய்த தப்பை அவர் தன் தப்பாக எடுத்துப் பேசிக்கொண்டிருந்தார். குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டது.

வீடு கட்டி முடிக்கும்வரை மகளும் பேரனும் எங்களோடு இருக்கட்டும் என்று கூட்டிவந்தோம். மருமகனும் சம்பந்தியும் அங்கேயே இருக்கிறார்கள். புறப்படும்போது சம்பந்தி ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தார். உள்ளே பாரோமீட்டர். மையத்துக்குப் போகிற அவசரத்தில் குழந்தைத் துணியோடு சேர்த்து மகள் அதையும் அள்ளிப் போட்டிருக்கிறாள். கண்ணாடியில் கீறல், பித்தளையில் உப்புப் பூத்திருந்தது.

"சரி பண்ணி வைங்க," என்றார். "புது வீட்டுக்கு வேணும்."

இங்கே ஒரே அறை. நாலு பேரும் புழங்கினால் திரும்ப இடமில்லை. குழந்தை அழுதால் எல்லாரும் எழுந்துவிடுகிறோம். நான் காலையில் கண் எரிய எரியப் பட்டறைக்குப் போகிறேன். வந்த ஞாயிற்றுக்கிழமை பையிலிருந்து அதை எடுத்தேன். மகள் கேட்காமலே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முகத்தைத் தன் பக்கம் வைத்துப் பிடித்துக்கொண்டாள். மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"எங்க நிறுத்தப் போறீங்க?"

"பட்டறைச் சுவத்துல எங்க நிக்குதோ அங்க."

அவள் மறுபடி வெங்காயத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். வெளியே நல்ல வெயில். நான் திருப்புளியை வைத்து வலப்பக்கமாகத் திருகினேன். இம்முறை எண்ணவில்லை.

"இன்னும்," என்றாள் மகள். அது எங்கள் வழக்கத்தில் இல்லாத சொல். முள்ளின் மேலேயே கண்ணை வைத்திருந்தாள். பிறகு, "புயல்கிட்ட வந்துருச்சுப்பா. நிறுத்து."

கையை எடுத்தேன்.